எந்தத் தம்பி

தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். குழாயை எடுத்தாகிவிட்டது, இனி தானாக வர வேண்டும், வந்தால் வீட்டுக்குப் போகலாம், வராவிட்டால் மறுபடியும் குழாய்தான் என்று வார்டு நர்ஸ் மிஸ்ஸி ரொஹானா மலாயில் சொல்லிவிட்டு, அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குடுவை ஒன்றைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுப் போனாள். இதில்தான் பிடிக்க வேண்டுமாம், கழிவறையில் கொட்டிவிடக் கூடாதாம், அளந்து பார்க்க வேண்டுமாம். இவர் தலையாட்டினார். இப்போதெல்லாம் இவர் தலையாட்டுவதோடு சரி. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி தண்ணீர் குடிக்கிறார், யாரோ கடன் கேட்டு வந்து வாசலில் நிற்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. நான் பக்கத்து நாற்காலியில். காலையில் வந்து சாயங்காலம் போய்விடுகிறவர்களுக்கான வார்டு இது, ஜன்னலுக்கு வெளியே ஈப்போவின் சுண்ணாம்பு மலை ஒன்று பாதி வெட்டப்பட்டு வெள்ளையாக நிற்கிறது, எதிர்ச் சுவரில் தொலைக்காட்சி, சத்தமில்லாமல். ஏதோ சீனப் படம். பழைய காலத்து உடுப்பு, நீள ஜடை, ஒருவன் யாருக்கோ பயந்து ஜன்னலிலிருந்து குதித்து வாளிக்குள் காலை விடுகிறான். அந்த மாதிரிப் படமாக இருக்காது, ஆஸ்பத்திரியில் போட மாட்டார்கள். ஆனாலும் வாளியோடு ஒருவன் நொண்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இவரைத் திரும்பிப் பார்த்தேன், இவர் சுவரையேதான் பார்க்கிறார், சிரிப்பை முழுங்கிக்கொண்டேன்.

சிரிப்பை முழுங்குவது எங்கள் வீட்டில் புதுப் பழக்கம். அண்ணன் மகன் கல்யாணத்தில் ஆரம்பித்தது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார், அப்புறம் வரவே இல்லை. மண்டபத்துக் கழிவறைக் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து முனகல். வயிறு கல்லாக வீங்கி, பட்டு வேட்டியோடு அவசரப் பிரிவில் கொண்டுபோய்ப் போட்டோம். புரோஸ்டேட் பெரிதாகி வழியை அடைத்துவிட்டது என்றார்கள், குழாய் போட்டார்கள், ஆபரேஷனுக்கு நாள் கிடைக்கும்வரை குழாயும் பையும்தான் என்றார்கள். ஆபரேஷன் முடிந்தும் குழாயோடுதான் அனுப்பினார்கள். கேமரன் மலை வளைவில் மரம் ஏற்றிய லாரியை ஒற்றைக் கையால் ஒடிக்கிற மனுஷர், கைலிக்குள் பையைக் கட்டிக்கொண்டு, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். அப்புறம் ஒரு மத்தியானம் நான் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது தட்டைப் பார்த்தபடியே, "இனிமே நான் ஆம்பள இல்ல பாக்கியம், நீ ஒண்ணும் நெனச்சுக்காத" என்றார். நான் என்ன சொன்னேன். ரசம் ஊத்தட்டுமா என்றேன். ரசம் ஊத்தட்டுமா. எத்தனையோ சொல்லியிருக்கலாம், ஒன்றும் வாயில் வரவில்லை, ரசம்தான் வந்தது. அந்த ரசம் இன்னும் என் தொண்டையிலேயே நிற்கிறது. மனசில் பதில் இருந்தது, அதைச் சொல்ல வார்த்தைதான் இல்லை. எனக்குத் தெரிந்த தமிழில் இந்த விஷயத்துக்கெல்லாம் இரண்டு வகைச் சொல்தான், குடித்துவிட்டுத் தெருவில் கத்துகிற சொல் ஒன்று, ஆஸ்பத்திரிச் சுவரில் அச்சடித்து ஒட்டியிருக்கிற சொல் இன்னொன்று. இரண்டையும் புருஷனிடம் பேச முடியாது. ஜொகூரிலிருந்து மகள் கௌசல்யா ஃபோனில் அப்பாவுக்கு என்னம்மா என்று கேட்டபோது தண்ணிப் பிரச்சினை என்றேன், அவள் பைப்பு உடைஞ்சிருச்சா, பிளம்பரக் கூப்பிடலையா என்றாள். சீனர்கள் பேசுகிற கான்டனீஸில் என்றால் எனக்கு வார்த்தை உண்டு. கூடை கூடையாக உண்டு. ஆனால் அதைப் படத்துக்கு வெளியே பேசினது கிடையாது.

அப்பா மெங்லெம்பு ஈயச் சுரங்கத்தில் காவல்காரர். சுற்றிலும் சீனக் குடியிருப்பு, நடுவில் எங்கள் ஒரே தமிழ் வீடு, அதனால் எனக்குப் பேச்சு வந்தபோதே இரண்டு பேச்சாக வந்தது. பள்ளிக்கூடம் முடிந்ததும் ஃபூங் அக்காவின் வீடியோக் கடையில் வேலைக்குப் போனேன். சண்டைப் படம், பேய்ப் படம், நீளமான நாடகத் தொடர் எல்லாம் சுவர் நிறைய அடுக்கியிருக்கும், அந்த மாதிரிப் படம் மட்டும் கல்லாவுக்குக் கீழே ஒரு பெரிய பிஸ்கட் டின்னில். அந்த மாதிரி என்றால் துணி அவிழ்க்கிற படம்தான், ஆனால் அதை மட்டும் பார்க்க வருகிறவனுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும், ஏனென்றால் துணி அவிழ்வதற்குள் யாராவது வழுக்கி விழுந்துவிடுவார்கள். பெரும்பாலும் அரசர் காலத்துக் கதை. அடுத்தவன் பெண்டாட்டியைத் தேடிப் போகிற பணக்காரன் இருட்டில் கிழவனின் படுக்கையில் ஏறிவிடுவான். துணியில்லாமல் ஓடுகிறவன் கைக்கு அகப்பட்ட வாத்தைத் தூக்கி மறைத்துக்கொள்வான், வாத்து சும்மா இருக்குமா, கொத்தும். நான் கல்லாவில் உட்கார்ந்து கவனித்தது ஒன்று, ஆண்கள் வாங்கிப் போகும்போது கூச்சப்படுவார்கள், பெண்கள் திருப்பிக் கொண்டுவரும்போது சிரித்துக்கொண்டே வருவார்கள். செத்தவர்களுக்கு எரிக்கிற காகித வீடு செய்து விற்கிற ஒருத்தி, புருஷன் போன துக்கத்துக்குக் கையில் கட்டிய துணியைக்கூட இன்னும் கழற்றாமல் வந்து, பிஸ்கட் டின்னைக் காட்டி, அதில் நல்லா சிரிக்கிற மாதிரி ஒண்ணு குடு என்று கேட்டாள். ஃபூங் அக்கா காசு வாங்கவில்லை. அவள் போனதும் என்னிடம், உடம்புன்னா அழுவுறதுக்கு மட்டுமா, அதுக்கும் லீவு வேணாமா என்றாள். எல்லாப் படமும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலதில் பெண்ணைப் பிடித்து வைத்து அழ விடுவார்கள், அதற்கும் பின்னணியில் சிரிப்பு மேளம் அடிப்பார்கள். அந்த இடம் வந்தால் நான் ஓட்டிவிடுவேன். ஃபூங் அக்கா அந்த நாடாக்களை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள், யாராவது கேட்டால் அறுந்துபோச்சு என்பாள். மற்றதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் இவர் வந்தார். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பையன், ஈப்போவில் சாமில்லு என்கிற மர ஆலையில் லாரி ஓட்டுகிறார், குடி கிடையாது, பேச்சும் கிடையாது, பெயர் சன்னாசி. பெயருக்கு அர்த்தம் கேட்ட ஃபூங் அக்காவுக்கு, பெண்டாட்டி வேண்டாமென்று காட்டுக்குப் போகிற சாமியார் என்று சொன்னேன், அவள் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கல்யாணப் பரிசாகப் பழைய வீடியோப் பெட்டி ஒன்றையும் சிவப்புத் தாளில் சுற்றி ஒரு நாடாவையும் கொடுத்தனுப்பினாள். கல்யாணமாகிப் பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. இவர் கட்டிலின் ஓரத்தில் வந்து உட்காருவார், இப்போது உட்கார்ந்திருக்கிற மாதிரியே முதுகைக் காட்டிக்கொண்டு, காத்தாடி வேகமா இருக்கா என்பார், இல்லைங்க என்பேன், கொறைக்கவா என்பார், வேணாங்க என்பேன், படுத்துவிடுவார். கெட்டவர் இல்லை, பயந்தவர். நானும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை, வேலை இல்லை, இவர் அந்தச் சிவப்புத் தாளைப் பிரித்து நாடாவைப் போட்டுவிட்டார். நான் சமையலறையிலிருந்து ஓடிவந்தபோது படம் ஆரம்பித்திருந்தது. குடை செய்கிறவன் ஒருவனுக்குக் கல்யாணம் ஆகிறது. முதல் ராத்திரி, மணப்பெண் தலையில் போட்ட துணியைத் தானே தூக்கிவிட்டு, உன் தம்பி எங்கே, கூப்பிடு அவனை என்கிறாள். மாப்பிள்ளை கீழே குனிந்து பார்த்துவிட்டு, தம்பி தூங்கிட்டான், எழுப்பினா அழுவான் என்கிறான். இவர் என்னைப் பார்த்து, "என்ன சொல்றான்?" என்று கேட்டார். கல்யாணமானதிலிருந்து காத்தாடியைத் தவிர இவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. "தம்பி தூங்கிட்டானாம்" என்றேன். "எந்தத் தம்பி? கல்யாணத்துல தம்பி யாரும் வரலையே." நான் படத்தையே பார்த்தேன். "சொல்லு, எந்தத் தம்பி?" "அந்த மாப்பிள்ளையோட தம்பி." "அதான், எந்தத் தம்பி?" தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கையால் காட்டினேன். அப்புறம் கட்டில் ஆடியது. பார்த்தால் இவர் சிரிக்கிறார், வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, தோள் குலுங்க. படத்தில் அந்தக் குடைக்காரன் ஊரெல்லாம் போய் யோசனை கேட்பான், வாத்தியார் ஒன்று சொல்வார், கசாப்புக்கடைக்காரன் ஒன்று சொல்வான், புத்த சாமியார்கூட ஒரு வழி சொல்வார், கடைசியில் ஊர் முழுக்க விஷயம் தெரிந்து எல்லோரும் கொட்டுமேளத்தோடு அவன் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, ஆச்சா ஆச்சா என்று கேட்பார்கள், உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள், சிரிக்கிற சிரிப்பிலேயே தம்பி எழுந்துவிடுவான். என்ன சொல்றான், என்ன சொல்றா என்று இவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் பாதியைச் சொல்லிப் பாதியை மென்று முழுங்கினேன். மழை விடவே இல்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் காத்தாடியைப் பற்றிக் கேட்டதில்லை.

நம் படங்களில் இரண்டு பூ முட்டிக்கொள்ளும், இடி இடிக்கும், அடுத்த காட்சியில் அவள் கிணற்றைப் பார்த்து நிற்பாள். நான் பார்த்து வளர்ந்த தமிழ்ப் படமெல்லாம் உடம்புக்குத் தண்டனை கொடுத்த படம். இந்தச் சீனப் படங்களில் யாருக்கும் தண்டனை கிடையாது, அல்லது எல்லோருக்கும் ஒரே தண்டனை, கால்சட்டை அவிழ்ந்து விழும், ஊர் பார்க்கும், மறுநாள் காலையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கஞ்சி குடிப்பார்கள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது போல. சனிக்கிழமை தவறாமல் ஒரு படம், கௌசல்யா பிறந்து வளர்ந்து விவரம் தெரிகிறவரை. பெண்ணைத் தொட்டு வம்பு பண்ணுவதை அவர்கள் தவ்ஃபு, அதாவது சோயாக் கட்டி, சாப்பிடுவது என்பார்கள், நான் அதை அப்படியே தமிழில் சொல்லப்போய், மார்க்கெட்டில் தவ்ஃபு வாங்கும்போதெல்லாம் இவர் கடைக்காரனைப் பார்த்துச் சிரிப்பார். ஆனால் ஒரு பயம் அப்போதிருந்தே கூட வந்துகொண்டிருக்கிறது, இப்போதும், இந்த நாற்காலியில்கூட. இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று இவர் ஒரு நாளாவது நினைத்திருப்பாரோ. கட்டி வந்தவள் வாயில் சந்தைப் பேச்சு என்று நினைத்திருப்பாரோ. சிரித்தார், சரி. சிரிக்கிறவன் உள்ளுக்குள் என்ன நினைக்கிறான் என்று யாருக்குத் தெரியும். கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்று கேட்டதில்லை. இதோ கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு வந்து எட்டிப் பார்க்கிறாள், போயாச்சா என்று கையாலேயே கேட்கிறாள், இல்லை என்று நானும் கையை ஆட்டுகிறேன். சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவன் கேட்டான். பக்கத்து அறை மிஸ்ஸி கேட்டாள். ஊரே ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கிறது, மேளம்தான் இல்லை. இதை இவரிடம் சொன்னால் சிரிப்பார். முன்பென்றால் சிரித்திருப்பார். இன்னொரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார், விரல் படாமல் வாங்கிக்கொண்டார்.

டாக்டர் வந்தாள். மலாய்க்காரப் பெண், பிள்ளைத்தாச்சி, வயிற்றுக்கு மேல் ஃபைலை வைத்துத் தாங்கிக்கொண்டு நிற்கிறாள். ஆபரேஷனில் எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பியிருந்தோமே, அதன் முடிவு வந்துவிட்டது, கெட்டது ஒன்றுமில்லை, வெறும் வீக்கம்தான் என்றாள். இதைக் கேட்பதற்குத்தான் நான் இத்தனை நாள் தூக்கமில்லாமல் கிடந்தேன். பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைப்பதாக வேண்டியிருந்தேன். இப்போது கேட்டாகிவிட்டது, ஒன்றுமே ஆகவில்லை எனக்கு. சரி டாக்டர், தேங்க்யூ டாக்டர் என்று வாய் சொல்கிறது, மனசு கட்டிலுக்கடியில் இருக்கிற குடுவையிலேயே உட்கார்ந்திருக்கிறது, அது காலியாக இருக்கிறது, அதில் ஒரு சொட்டு விழுந்தால் போதும் என்றிருக்கிறது. பெரிய பயம் போய்விட்டது என்று சொன்னார்கள், போன இடமே தெரியவில்லை, சின்னப் பயம் அந்த இடத்தில் கால் நீட்டிப் படுத்துவிட்டது. டாக்டர் இவரிடம், பாக்சிக் என்று பெரியவரை அழைக்கிற மாதிரி அழைத்து, அடைப்பெல்லாம் எடுத்தாச்சு, அவசரப்படாதீங்க, மனசைத் தளர விடுங்க, வந்துடும் என்றாள். மனசைத் தளர விடுவதற்கு எந்தப் பக்கம் திருகு இருக்கிறது என்று கேட்பவர் போல இவர் அவளைப் பார்த்தார். இன்னொரு கேள்வியும் இவரிடம் இருந்தது, எனக்குத் தெரியும், கட்டில் சம்பந்தப்பட்ட கேள்வி. கேட்கவில்லை. பிள்ளைத்தாச்சிப் பெண்ணிடம் எப்படிக் கேட்பது. நான் கேட்கலாமா, எந்த மொழியில் கேட்பது. அதற்குள் அவள் நகர்ந்துவிட்டாள்.

பக்கத்துக் கட்டில்காரரிடம் போனாள். லியோங் என்று அட்டையில் எழுதியிருக்கிறது, எழுபதுக்கு மேல் இருக்கும், முடிவெட்டுகிற கடை வைத்திருந்தவராம், மகள் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவருக்கும் இன்றைக்குத்தான் குழாய் எடுத்தார்கள், அவருக்கும் ஒரு குடுவை. டாக்டர் போனதும் அவர் போர்வையை லேசாகத் தூக்கி உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டுக் கான்டனீஸில், குழந்தைக்கு நியாயம் சொல்கிற குரலில், "டேய் தம்பி, எழுந்து வாடா, எல்லாரும் காத்துட்டிருக்காங்க. முன்னாடியெல்லாம் யாரும் கூப்பிடாமலே வந்து நிப்பே, பஸ்ஸுலகூட வந்து நிப்பே, இப்பக் கூப்பிட்டா காது கேக்கலையா" என்றார். என்னால் முடியவில்லை. மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்துவிட்டது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "உனக்குப் புரியுமா?" என்றார். புரியும் அங்கிள் என்று கான்டனீஸிலேயே சொன்னேன். அவர் முகம் முதலில் சிவந்தது, அப்புறம் அந்தச் சிவப்பிலேயே ஒரு குறும்பு வந்தது, கட்டிலில் நகர்ந்து உட்கார்ந்து, "அப்படின்னா உன் வீட்டுக்காரரைக் கேளு, அவரோட தம்பி எப்படி இருக்கான்னு" என்றார். நான் இவர் பக்கம் திரும்பினேன். திரும்பும்போதே வாய் தயாராகிவிட்டது, பழக்கம், இவர் என்ன சொல்றான் என்று கேட்பார், நான் சொல்ல வேண்டும், எவ்வளவு சொல்வது, எவ்வளவு முழுங்குவது, இந்த நிலையில் இருக்கிறவரிடம் தம்பியைப் பற்றி எப்படிப் பேசுவது, ஏதாவது மாற்றிச் சொல்லிவிடலாமா, சாப்பிட்டீங்களான்னு கேக்குறாரு என்று சொல்லிவிடலாமா. இவர் கேட்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். லியோங்கைப் பார்த்தார். பார்த்து, சுத்தமான கான்டனீஸில், மரம் ஏற்றுகிற இடத்துக் கரகரப்போடு, "என் தம்பி லாரி டிரைவர். நடு ரோட்டுல பிரேக் பிடிச்சு நின்னுட்டான். மெக்கானிக்கெல்லாம் வந்து கையை விட்டுப் பார்த்துட்டாங்க, இன்னும் கெளம்ப மாட்டேங்குறான்" என்றார்.

லியோங் கட்டிலைத் தட்டிச் சிரிக்கிறார், இருமுகிறார், திரும்பச் சிரிக்கிறார். நான் இவரையே பார்க்கிறேன். தலையில் எதுவோ இடம் மாறுகிறது, வீட்டுச் சாமானையெல்லாம் யாரோ இழுத்துப் போடுகிற மாதிரி.

"உங்களுக்குக் கான்டனீஸ் தெரியுமா?"

"சாமில்லுல எத்தன வருஷம் பாக்கியம். சின்னப் பையனா போய்ச் சேர்ந்தேன். தெரியாம இருக்குமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியேதான்."

"பின்ன ஏன் ஒவ்வொண்ணுக்கும் என்ன சொல்றான் என்ன சொல்றான்னு என் உயிர எடுத்தீங்க?"

இவர் டம்ளரை எடுத்தார், குடிக்கவில்லை, கையில் வைத்துச் சுற்றினார். "நீ சொல்றதக் கேக்கணும்னுதான்" என்றார். டம்ளரை வைத்துவிட்டு, "சாமில்லுல தெனம் கேக்குற பேச்சுதான். அங்க கேட்டா நாறும். நீ சொன்னா சிரிப்பு வந்துச்சு. நீ தலகாணிய மூஞ்சில வெச்சுக்கிட்டு சொல்லுவல்ல."

"வெக்கங்கெட்டவரே."

"மொதப் படத்துல பாதிய முழுங்கிட்ட நீ. அந்தக் கசாப்புக்கடைக்காரன் சொன்னத, நல்லா சாப்பிடச் சொல்றான்னு சொன்ன."

"பின்ன வேற எப்படிச் சொல்றதாம்?"

இவர் சாய்ந்து என் காதில், கசாப்புக்கடைக்காரன் உண்மையில் சொன்னதைத் தமிழில் சொன்னார். முழுசாக. நான் இவர் தோளில் அடித்தேன், கொஞ்சம் பலமாகவே, என்ன சொன்னார் என்ன சொன்னார் என்று லியோங் கான்டனீஸில் கேட்கிறார், போங்க அங்கிள் என்றேன். கோபமாகத்தான் இருக்கிறது. எத்தனை சனிக்கிழமை, எத்தனை வார்த்தை, ஒவ்வொன்றையும் நாக்கில் புரட்டிப் புரட்டி, இதைச் சொன்னால் என்ன நினைப்பாரோ, இதைச் சொல்லாவிட்டால் கதை புரியாதே என்று, இந்த ஆள் எல்லாம் தெரிந்துகொண்டே ஒன்றும் தெரியாத பூனையாக உட்கார்ந்திருந்திருக்கிறார். எந்தத் தம்பி என்று மூன்று தரம் கேட்டாரே, நல்லாத் தெரிந்தே கேட்டார். ஆனால் கோபத்துக்குக் கீழே ஏதோ ஒன்று இளகிக்கொண்டே போகிறது. சந்தைப் பேச்சுக்காரி என்று இவர் என்னை நினைக்கவே இல்லை. சந்தையையே தூக்கி வந்து என் வாயால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஒவ்வொரு படமாகத் துணிந்ததை, முழுங்கியதை, முழுங்காமல் சொன்ன முதல் தடவையை, எல்லாவற்றையும் எண்ணாமல் எண்ணி வைத்திருக்கிறார். அப்படியென்றால் எனக்கு வார்த்தை இருக்கிறது. இத்தனை நாளும் இருந்திருக்கிறது. தட்டைப் பார்த்துக்கொண்டு இவர் சொன்னாரே, அதற்கு நான் ஊற்ற வேண்டியது ரசம் இல்லை. இவர் கையைப் பிடித்தேன், ஊசி குத்தின இடம் நீலமாகத் தடித்திருக்கிறது, அதன் மேலேயே பிடித்துக்கொண்டு, யாருக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று, "தம்பி பென்ஷன் வாங்குனா வாங்கட்டும். அண்ணன் வீட்டுல இருந்தா எனக்குப் போதும்" என்றேன். இவர் கீழுதடு ஒரு பக்கமாக இழுத்தது, சிரிப்பா அழுகையா என்று அதற்கே தெரியாத மாதிரி. அப்புறம், "முன்னறைல கொசு கடிக்குது" என்றார். "அப்ப உள்ள வந்து படுங்க. யாரு உங்கள வெளிய போகச் சொன்னா" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். குடுவையை எடுத்துக்கொண்டார். நான் பிடித்துக்கொள்ளப் போனேன், வேணாம் என்று கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார், தாழ் போடவில்லை. நான் கதவுக்கு வெளியே, சுவரில் கையை ஊன்றி நிற்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் எங்கோ குளிர்சாதனம் உறுமுகிறது. சின்ன வயசில் கௌசல்யாவை நிற்க வைத்து உஸ் உஸ் என்று சொல்வோமே, அதைச் சொல்லலாமா என்று நினைக்கிறேன், உதடுகூடக் குவிந்துவிட்டது, சொல்லவில்லை. வராவிட்டால் என்ன, குழாய் போடுவார்கள், இன்னும் சில வாரம், அதற்கென்ன, பையோடு ஒரு மனுஷர், பை பாட்டுக்குப் பை, கட்டிலின் இந்தப் பக்கம் தொங்கவிட்டுக்கொள்ளலாம். அப்படி நினைத்ததும் தோள் இரண்டும் கீழே இறங்கின, இவ்வளவு நாள் காதுவரை தூக்கி வைத்திருந்திருக்கிறேன் போல. பிளாஸ்டிக்கில் ஏதோ பட்டது. ஒரு சொட்டு. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் இரண்டு மூன்று, தகரக் கூரையில் மழை ஆரம்பிக்கிற மாதிரி, நின்று, திரும்ப வந்து, நின்று. "பாக்கியம்" என்றார் உள்ளேயிருந்து. "ம்" என்றேன். "எரியுது." "எரியட்டும், எரியும்னுதான் சொன்னாங்க." அப்புறம் நிற்காமல் வந்தது. மெல்லிசாகத்தான், ஆனால் நிற்காமல், குடுவை நிறைய நிறையச் சத்தம் மாறி மாறி, எனக்கு இந்த உலகத்தில் இதைவிட நல்ல சத்தம் ஒன்று தெரியாது. "வருது" என்றார், நான் ஏதோ வேறு ஊரில் இருப்பது போல. "கேக்குது" என்றேன். மிஸ்ஸி ரொஹானா குடுவையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், லேசாகச் சிவப்பாக இருக்கிறது, இருக்கட்டும் பயப்படாதீங்க என்றாள், இவர் வயிற்றில் ஒரு கருவியை வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு உள்ளே மிச்சம் அதிகமில்லை, நல்லது என்றாள். லியோங் தம் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, பெரிய மனுஷன் மாதிரி ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, தன் போர்வைக்குள் மறுபடி எதையோ திட்ட ஆரம்பித்தார்.

"பசிக்குது" என்றார் இவர். பசிக்குது என்று இவர் சொல்லிக் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. கீழே போய் ரொட்டி சானாய் வாங்கிவரச் சொன்னார். கேன்டீனுக்குப் படியில் இறங்கிப் போனேன், லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. ரொட்டி போடுகிற மாமாக், நம்ம தமிழ் முஸ்லிம்காரன்தான், அவன் கடை வரிசையில் முன்னால் இரண்டு மிஸ்ஸிகள், ஒரு போலீஸ்காரர். மாவை வீசி வீசி எறிகிறான், அது காற்றில் விரிந்து விரிந்து துணி மாதிரி ஆகிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், வேறு எதையும் நினைக்கவில்லை, கறி வாசனை, சூடான கல், மிஸ்ஸிகள் ஏதோ கல்யாணச் சேலை பற்றிப் பேசுகிறார்கள், அப்போதுதான் டாக்டர் சொன்னது வந்து சேர்ந்தது. கெட்டது ஒன்றுமில்லை. காலையில் காதில் விழுந்தது, இப்போதுதான் உள்ளே இறங்குகிறது, மார்புக்குள், வயிற்றுக்குள், முழங்காலுக்குள். கெட்டது ஒன்றுமில்லை. இவர் இருப்பார். அடுத்த தீபாவளிக்கு இருப்பார், கௌசல்யா வீட்டுக்கு இரண்டு பேருமாகப் பஸ் ஏறிப் போகலாம். கண்ணாடி அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கண்ணிலிருந்து அது பாட்டுக்குக் கொட்டுகிறது, துடைக்கக் கை வரவில்லை. போலீஸ்காரர் நகர்ந்து வழி விட்டார். ரொட்டிக்காரன் கையை நிறுத்தி, அடுப்பைக் குறைத்து, "என்னக்கா, மேல யாருக்கும் ஏதாச்சும்..." என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"இல்லப்பா" என்றேன். "எங்க வீட்டுக்காரரு ஒண்ணுக்குப் போயிட்டாரு."

மிஸ்ஸிகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவன் ஒரு நொடி யோசித்தான், சிரிக்கவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி அடுப்பைக் கூட்டினான். "அப்ப முட்டையே போட்டுடறேன்க்கா."